நிலவு இழுத்தது, பூமி அசைந்தது!

அமாவாசை, பவுர்ணமி நாட்களில் கடல் நீர் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். தூத்துக்குடி மீனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நிலவின் இழுப்பால் தரையும் இப்படி ஏறி இறங்குகிறது. இது உங்களுக்குத் தெரியுமா?

ஜெனீவா நகரம் அருகே, பூமிக்கு அடியில், 27 கிலோ மீட்டர் சுற்றளவுள்ள ஒரு சுரங்கம் இருக்கிறது. 1989 முதல் 2000 வரை "லெப்" என்ற ராட்சத எந்திரம் அதில் ஓடியது. எலெக்ட்ரான் துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அதற்குள் சுற்றின.

அந்தத் துகள்களின் சக்தியை விஞ்ஞானிகள் அளந்தார்கள். அது கூடியது, குறைந்தது! எந்திரத்தில் கோளாறா?

இல்லை. 1992-ல் குட்டு வெளிப்பட்டது. நிலவின் இழுப்பில் பாறை அசைந்தது. 27 கிலோ மீட்டர் வளையம் ஒரு மில்லி மீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கியது!

ரெயில் செய்த வேலை

இன்னொரு குழப்பமும் இருந்தது. அது நள்ளிரவுக்குப் பின் அடங்கும், விடிந்ததும் தொடங்கும். அந்தப் பக்கம் ஓடிய மின்சார ரெயில்தான் காரணம். தண்டவாளத்தில் இருந்து கசிந்த மின்சாரம், எந்திரத்தின் குழாயில் பாய்ந்தது. 1995-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும்? "இசட்" என்ற துகளின் எடை தப்பாகிப் போயிருக்கும். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் பங்குகொண்ட ஆராய்ச்சி இது.

முத்து நிறுக்கும் தராசுக்குக் காற்று படாமல் கண்ணாடிப் பெட்டி போடலாம். நிலவின் இழுப்புக்கு ஏது பெட்டி? கணக்குப் போட்டுத்தான் கழிக்க வேண்டும். கழித்தார்கள்!