42 கிலோமீட்டர் ஓடியாயிற்று; இனி?

மாரத்தானில் ஓடப் பெயர் பதிந்தவரை விடியலில் யாரும் எழுப்ப வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. டூப்ளே சிலைப் பக்கமிருந்து வடக்கே ஓடிப் பழக அது அருமையான இடம். பிப்ரவரியில் அருகிலுள்ள ஆரோவில் நகரின் மாரத்தான் வருகிறது, முடிகிறது. முழுத் தூரத்தையும் ஓடிய அதே ஆளுக்கு, மறுவாரம் ஷூவைத் தொடவே மனம் வருவதில்லை. உடல் கேட்கும் ஓய்வு நியாயமானது. அது மாதக்கணக்கில் நீண்டுவிடுவதுதான் சிக்கல்.

இதைச் சோம்பல் என்று சொல்லித் தன்னையே திட்டிக்கொள்ளத் தேவையில்லை. மூளை இயங்கும் விதம் அப்படி. நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடிப்பாக இயங்கின. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், அவை சைகையைக் கண்டபோதே துடித்தன. சாறு வந்தபோது கூடுதல் துடிப்பு இல்லை. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி கிடைத்தால் மூளைக்கு அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. எட்டிவிட்ட இலக்கும் அப்படித்தான்.

இலக்குக்கு வலிமை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் நால்வர் சுமார் 98 லட்சம் மாரத்தான் ஓட்டங்களின் நேரக் கணக்கை அலசி 2017இல் வெளியிட்டார்கள். 4 மணி நேரம் ஆவதற்குச் சற்று முன்பாக முடித்தவர்கள் குவிந்திருந்தார்கள். 4 மணி நேரத்தைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. களைத்த கால்களையும் ஒரு முழு எண் விரட்டியிருக்கிறது. ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அந்த எண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்த இலக்கு வரும்வரை உடல் காத்திருக்காது. எட்வர்ட் காய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயின்ற வீரர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களுடைய உச்சத் திறன் 3 வாரத்தில் சுமார் 7 சதவீதமும், 8 வாரத்தில் சுமார் 16 சதவீதமும் குறைந்தது.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸு-சி ஹுவாங், ஜெனிஃபர் ஆக்கர் இருவரும் 2019இல் இதற்கு விடை தந்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், உடற்பயிற்சி செய்தவர்கள், ஆப்பிரிக்க நிர்வாகிகள் என 1,600க்கும் மேற்பட்டோரிடம் 6 ஆய்வுகள் நடந்தன. இலக்கை எட்டிய பின், 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று நினைத்தவர்களைவிட, கடந்து வந்த பாதையை நினைத்துப் பார்த்தவர்களே நல்ல பழக்கத்தை அதிகமாகத் தொடர்ந்தார்கள். வழியில் பட்ட பாட்டையும் கற்றதையும் எண்ணும்போது, தான் வளர்ந்திருப்பது ஒருவருக்குப் புலப்படுகிறது. வளர்ந்தவர் நிறுத்த விரும்புவதில்லை.

ஆரோவில் மாரத்தான் இந்த உண்மைக்கு நெருக்கமாக அமைந்திருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் நேரம் குறிப்பதில்லை, பரிசும் இல்லை; ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுகிறார்கள். ஓட்டப்பாதை செல்லும் காடும் அப்படித் தொடர்ந்த உழைப்பில் வளர்ந்ததுதான். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அரிக்கப்பட்ட செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலம் அது. மரம் நட்டவர்கள் ஒரு நாளில் முடித்துவிட்டுப் போயிருந்தால் இன்று அங்கே நிழல் இருக்காது.

தேர்வில் வென்றவருக்கும், எடை குறைத்தவருக்கும், கடனை அடைத்தவருக்கும் இது பொருந்தும். இலக்கை எட்டிய வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எங்கே தடுமாறினீர்கள், யார் துணை நின்றார்கள், எந்தப் பழக்கம் கைகொடுத்தது. கைகொடுத்த அந்தப் பழக்கத்தை அளவைக் குறைத்தாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்து நாள் ஓடியவர் இரண்டு நாள் ஓடினாலும் போதும். அடுத்த பெரிய இலக்கை நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். அது வரும்வரை உங்களைத் தயாராக வைத்திருப்பது அந்த இரண்டு நாள்தான்.