தோத்தாலும் நம்ம டீம்தான் சார்!

'நேத்து மேட்ச் என்னாச்சு?'

இந்த மூன்று வார்த்தைக்கு பயந்து நான் டீக்கடையையே மாற்றியிருக்கிறேன் சார்! கடன் கொடுத்தவரைப் பார்த்து ஒளிகிறவர்கள் உண்டு. மானேஜரைப் பார்த்து ஒளிகிறவர்கள் உண்டு. தான் ஒரு தப்பும் பண்ணாமல், எங்கேயோ ஹைதராபாத்திலோ பாட்னாவிலோ ஏழு பேர் உருண்டு புரண்டு தோற்றதற்காக, உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் ஒளிகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அடியேன்தான்... தமிழ் தலைவாஸ் ரசிகன்!

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. புரோ கபடி லீக் 2014-ல் எட்டு டீம்களோடு ஆரம்பித்தது. அதில் தமிழ்நாட்டுக்கு டீம் கிடையாது. சடுகுடு என்று செல்லப்பேர் வைத்து நாம் வளர்த்த ஆட்டத்தில் நமக்கே இடமில்லையா என்று மூன்று வருஷம் பொருமினோம். 2017-ல் நாலு புது டீம்கள் சேர்ந்தன. அதில் ஒன்று நம்முடையது! உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். கேப்டன் அஜய் தாக்கூர். அவர் லேசுப்பட்ட ஆளா? 2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானை 38-29 என்று இந்தியா ஜெயித்தபோது, தனியாளாக 12 புள்ளி எடுத்தவர். ஜாதகம் இதைவிடப் பிரமாதமாக அமையுமா?

அமைந்தது. கல்யாணம்தான் நடக்கவில்லை!

முதல் ஆட்டம் தெலுங்கு டைட்டன்ஸோடு. 27-32 என்று தோற்றோம். 'புது டீம்தானே... போகப் போகச் சரியாயிடும்' என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அந்தப் 'போகப் போக' இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.

நான் இருப்பது திருநாவலூர். கள்ளக்குறிச்சி மாவட்டம் (2019 வரை விழுப்புரம்). பி.காம். படித்துவிட்டு, பகலில் நாலு கடைக்குக் கணக்கு எழுதி, ராத்திரியில் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவன். ரெண்டிலும் வரவைவிட பாக்கிதான் அதிகம்! கணக்குப் பிள்ளையின் புத்தி சும்மா இருக்குமா? தலைவாஸுக்கும் ஒரு பேரேடு போட்டுப் பார்த்தேன்.

2017: 22 ஆட்டம், 6 வெற்றி, 14 தோல்வி, 2 டிரா. பிரிவில் கடைசி.

2018-19: 5 வெற்றி, 13 தோல்வி, 4 டிரா. மறுபடியும் பிரிவில் கடைசி.

2019: 4 வெற்றி, 15 தோல்வி, 3 டிரா. இந்த முறை பிரிவெல்லாம் கிடையாது. பன்னிரண்டு டீமுக்கும் ஒரே பட்டியல். அதிலும் கடைசி!

2021-22: 5 வெற்றி, 11 தோல்வி, 6 டிரா. 11-வது இடம். அன்றைக்கு ஊரில் இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறைதான். பின்னே... நமக்குக் கீழேயும் ஒருத்தன் இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆக நாலு சீசன், 88 ஆட்டம், 20 வெற்றி. நூற்றுக்கு 23 மார்க். எந்த வாத்தியாரும் பாஸ் போடமாட்டார்.

இதில் 2019 இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்த வருஷம்தான் அஜய் தாக்கூருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. முந்தின சீசனிலேயே வந்துவிட்ட மஞ்சீத் சில்லரும் கூட இருந்தார். அவர்கள் போதாதென்று ராகுல் சௌத்ரியும் வந்து சேர்ந்தார். மூன்று பேருமே கபடியில் சூப்பர் ஸ்டார்கள். 'இந்த வருஷம் கோப்பையை வைக்க ஸ்டாண்டு செய்யச் சொல்லிடலாம்' என்று பேசிக்கொண்டோம். பந்தலில் மூன்று மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். தாலியை எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!

'இப்படித் தோக்கிற டீமை எதுக்குய்யா கட்டிக்கிட்டு அழறே?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி தினமும் கேட்கிறாள். 'ஏங்க... உங்க டீம் ஆடற அன்னிக்கு ராத்திரி உலை வைக்கவா, வேணாமா? எப்படியும் சாப்பிட மாட்டீங்க!'

அவளுக்கு நான் சொல்கிற பதில், அந்த நாளைய லீக் விதியிலேயே ஒளிந்திருக்கிறது. ஜெயித்தால் 5 புள்ளி. டிராவுக்கு 3. ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால், ஆறுதலாக 1 புள்ளி. 2017-ல் நாம் எடுத்த மொத்தம் 46. அதில் 6 வெற்றிக்கு 30, 2 டிராவுக்கு 6. போக மீதி 10. அதாவது, 14 தோல்வியில் 10 தோல்வி ஏழு புள்ளிக்குள்தான்! எதிராளி ஏழு பேரையும் காலி செய்தால் உபரியாக 2 புள்ளி கிடைக்கிற விளையாட்டில் ஏழு புள்ளி என்பது என்ன? ஒரு பையன் மூச்சுப் பிடித்து ரெண்டு தடவை பாடிப் போய் வந்தால் ஆட்டம் தலைகீழ். ஒரேயடியாக உதை வாங்குகிற டீம் என்றால் நாமும் தலைமுழுகிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இந்த டீம் அப்படி விடாது. 38-வது நிமிஷம் வரைக்கும் நம் கையைப் பிடித்துக்கொண்டே வரும். கடைசி ரெண்டு நிமிஷத்தில்தான் ரோட்டைக் கடக்காமல் நம்மை நடுவில் விட்டுவிட்டுப் போகும்!

உலகத்தில் இந்த ஜாதி நான் மட்டுமில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அதில் சிகாகோ கப்ஸ் என்று ஒரு டீம். 1908-ல் பட்டம் ஜெயித்தார்கள். அடுத்த பட்டம் எப்போது தெரியுமா? 2016-ல்! 108 வருஷம் சார். நாம் 108 தேங்காய் உடைப்போம், அவசரமென்றால் 108-க்கு போன் பண்ணுவோம். அவர்கள் 108 வருஷம் காத்திருந்தார்கள். கப்ஸ் ரசிகனாகவே பிறந்து, கப்ஸ் ரசிகனாகவே தாத்தாவாகி, கோப்பையைக் கண்ணால் பார்க்காமலே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேரோ!

அவ்வளவு தூரம் போவானேன்... பக்கத்து பெங்களூரு? ஐ.பி.எல். 2008-ல் ஆரம்பித்தது. வருஷா வருஷம் 'இந்த முறை கோப்பை நமதே' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பதினெட்டாவது சீசனில், 2025-ல்தான் ஆர்.சி.பி.க்குக் கிடைத்தது. அதே 2025-ல் அஞ்சு கோப்பை வாங்கிய நம்ம சி.எஸ்.கே., 14 ஆட்டத்தில் நாலே வெற்றியோடு முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தது. மஞ்சள் சட்டை போட்ட பையன்கள் எல்லாம் ஊரில் இழவு விழுந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டோம். 'வாங்க தம்பி, உக்காருங்க. மொதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். பழகிடும்!'

சரி, டீமை மாற்றிக்கொள்ளலாமே? ஆபீஸை மாற்றுகிறோம், வண்டியை மாற்றுகிறோம், செல்போனை வருஷத்துக்கொரு தடவை மாற்றுகிறோம். நம்மோடு 2017-ல் லீகில் சேர்ந்த ஹரியானா ஸ்டீலர்ஸ், 2024 சீசனில் கோப்பையையே தூக்கிவிட்டது. நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டத்தான் செய்தேன். ஆனால், அது பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்ட மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மொய் எழுதியதோடு சரி, வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்க ஊர்ச் சமாசாரம். நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் பிறந்தது திருநாவலூரில்தான். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவரை, ஒரு கிழவர் வந்து 'நீ எனக்கு அடிமை' என்று தடுத்தாராம். இவருக்கு வந்ததே கோபம்! கிழவரைப் பித்தன் என்று திட்டி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. கிழவர் மூல ஓலையை எடுத்துக் காட்ட, தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக! வந்தவர் சிவபெருமான் என்பது அப்புறம்தான் தெரிந்தது என்கிறது பெரியபுராணம். அதற்குப் பிறகும் அவர் சண்டை போடாமல் இருந்தாரா என்றால், இல்லை. உரிமையோடு கேட்பார், கோபிப்பார், ஆனால் விட்டுப் போகமாட்டார். வன்தொண்டர் என்றே அவருக்குப் பேர். வழக்கில் தோற்று, வாயாரத் திட்டி, அப்புறமும் கூடவே நின்றவரின் ஊரில் இருந்துகொண்டு நான் டீமை மாற்றினால் நன்றாகவா இருக்கும்?

இதெல்லாம் சும்மா வாய் ஜாலம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் எங்க தெருப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்ல ரெய்டர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் டியூப் லைட் கட்டி விடிய விடிய நடக்கும் போட்டிகளில் அவன் பாடிப் போனால், எதிர் டீம் தானாகவே ரெண்டு அடி பின்னால் போகும். அப்படி ஒரு போட்டியில் கால் மடங்கி, முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அப்பா மாட்டை விற்றார். கால் நடக்கிற அளவுக்குச் சரியானது, ஆடுகிற அளவுக்கு இல்லை. அதோடு மைதானத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். டீக்கடையில் எங்களோடு உட்கார்ந்து டி.வி. பார்ப்பதோடு சரி.

2022 சீசன். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்குத் தலைவாஸ் ஏலம் எடுத்திருந்தது. லீகில் அதுவரை எந்த வீரருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டம், குஜராத்தோடு. முதல் பாதிகூட முடியவில்லை... பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. கடையில் எல்லோரும் 'ரெண்டு கோடி போச்சே!' என்று தலையில் கைவைத்தார்கள். அந்தப் பையன் மட்டும் ஒன்றும் பேசாமல், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் பார்த்தது கோடியை இல்லை.

ரொம்ப நாள் அவன் கடைப் பக்கமே வரவில்லை.

அதற்குள் கோச் மாறினார். அஷன் குமார் வந்தார். நரேந்தர் கண்டோலா என்று ஒரு புதுப் பையன், முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்து அசத்தினான். ஸ்டார் இல்லாத டீம், அஞ்சாவது இடம் பிடித்து முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குப் போனது. உ.பி. யோதாஸோடு 36-36 என்று டிராவாகி, டைபிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தோம். கடையே எழுந்து நின்று கத்தியது. திரும்பிப் பார்த்தால், வாசல் தூணில் சாய்ந்தபடி அவன் நின்றிருந்தான்.

அரையிறுதி புனேயோடு. 37-39. ரெண்டே புள்ளியில் போனது. கடைக்காரர் டி.வி.யை அணைத்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. 'ரெண்டே பாயின்ட்ணே...' என்றான் அவன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து போகிறேன். கையில் சுண்ணாம்புத் தூளோடு, காலை லேசாக இழுத்து இழுத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் பத்துப் பதினஞ்சு பொடிசுகள்.

'என்னடா இது, காலங்காத்தால?'

'பசங்க போனஸ் கோடே தெரியாம ஆடறானுங்கண்ணே' என்றான்.

வணிகவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனாலும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம்தான் எழுத வேண்டும். தலைவாஸ் பேரேட்டில் தோல்விப் பக்கம் நிரம்பி வழிகிறது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டைச் சொத்துப் பக்கம் எழுதிக்கொண்டேன்.

அப்புறமும் ஒன்றும் மாறிவிடவில்லை. 2023-24-ல் ஒன்பதாவது இடம். 2024-ல் சச்சின் தன்வாருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தும் ஒன்பதாவது இடம். 2025-லும் கோப்பை வேறு ஊருக்குத்தான் போனது. ஆனால், சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

போன வாரம் அங்கே ஒரே ரகளை. ரெண்டு டீமாகப் பிரிந்த பொடிசுகள், ரெண்டு டீமுமே 'தலைவாஸ்' என்ற பேர்தான் வேண்டுமென்று மல்லுக்கு நிற்கின்றன. நம்ம ஆள் விசிலை ஊதி, கண்டிப்பாகத் தீர்ப்பு சொன்னான்:

'சத்தம் போடாதீங்கடா! ஜெயிக்கிறவங்க பாட்னா. தோக்கிறவங்கதான் தலைவாஸ்.'

ஒரு நிமிஷம் அமைதி. பிறகு அரைக்கால் சட்டை ஒன்று முன்னால் வந்து சொன்னது:

'அப்ப... நாங்களே தோத்துக்கிறோம்ணே!'