ஆளை மாற்றலாம், ஆணையை?

மக்கள் தீர்ப்பு – தொடர் 9

2010 நவம்பர் 18, வியாழக்கிழமை காலை. அயர்லாந்தின் ஆர்.டி.இ. வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். அவர் பாட்ரிக் ஹொனொஹன், அயர்லாந்து மத்திய வங்கியின் ஆளுநர். நாடு சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கடன் வாங்கப்போகிறது, தொகை ஆயிரக்கணக்கான கோடி யூரோவாக இருக்கும் என்றார். சில நாள் முன்புதான் அமைச்சர்கள் அப்படி ஒரு பேச்சே கிடையாது, எல்லாம் கற்பனை என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். தங்கள் நாடு திவாலின் விளிம்பில் நிற்கிறது என்ற செய்தியை ஐரிஷ் மக்கள் பிரதமர் வாயால் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பேசிய ஓர் அதிகாரியின் குரலில் கேட்டார்கள்.

அன்றைய 'ஐரிஷ் டைம்ஸ்' தலையங்கம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் உயிரைக் கொடுத்தவர்கள் ஜெர்மானியப் பிரதமரிடம் கைநீட்டி நிற்கும் நாட்டுக்காகவா கொடுத்தார்கள் என்ற கேள்வியை எழுப்பியது. நிதியத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கி டப்ளின் வந்தவர் இந்தியாவில் பிறந்த அஜய் சோப்ரா. கோப்பும் கையுமாக அவர் தெருவில் நடந்து போவதும், நடைபாதையில் ஒருவர் பிச்சைக்கு உட்கார்ந்திருப்பதும் ஒரே படத்தில் விழுந்தன. அந்தப் படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அங்கிருந்து சுமார் மூன்று மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 25 அன்று தேர்தல். ஆளுங்கட்சி மண்ணைக் கவ்விய தேர்தல் என்றுதான் அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காயம் அதற்குப் பிறகு விழுந்தது என்பது என் எண்ணம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1921இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் விடுதலை வீரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1922–23இல் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்ற பக்கத்திலிருந்து டி வலேரா 1926இல் ஃபியன்னா ஃபால் கட்சியைத் தொடங்கினார். ஏற்றுக்கொண்ட பக்கம் 1933இல் ஃபைன் கேல் கட்சியாக உருவெடுத்தது. கொள்கையில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. தாத்தா எந்தப் பக்கம் துப்பாக்கி பிடித்தார் என்பதுதான் பேரன் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பான் என்பதைத் தீர்மானித்தது. 1932 முதல் 2007 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் அதிக இடம் பெற்றது ஃபியன்னா ஃபால். கட்சிக்காரர் இழவு வீட்டுக்கு வருவார், ஓய்வூதியத் தாளை நிரப்பிக் கொடுப்பார், மருத்துவமனையில் படுக்கைக்குச் சொல்லிவிடுவார். பரம்பரைச் சொத்தைப்போல் வாக்கு கைமாறி வந்தது.

அந்தச் சொத்தை அழித்தது வீட்டுமனைப் பித்து. 2006இல் மட்டும் சுமார் 90,000 வீடுகள் கட்டப்பட்டன. நாட்டின் மக்கள்தொகையோ 42 லட்சம்தான். வங்கிகள் கட்டுமான முதலாளிகளுக்கு வாரி வழங்கின. அவர்கள் ஆளுங்கட்சியான ஃபியன்னா ஃபாலோடு நெருக்கமாக இருந்தார்கள். 2008இல் எல்லாம் சரிந்தபோது, செப்டம்பர் 29 நள்ளிரவுக் கூட்டத்தில் பிரதமர் பிரையன் கோவனும் நிதியமைச்சர் பிரையன் லெனிஹனும் ஒரு முடிவெடுத்தார்கள். ஆறு வங்கிகளின் பொறுப்புகளுக்கு, ஏறத்தாழ 44,000 கோடி யூரோவுக்கு, அரசு உத்தரவாதம். டெபாசிட் போட்டவர்களை மட்டுமின்றி வங்கிகளுக்குக் கடன் கொடுத்த பெரும்புள்ளிகளையும் அது காப்பாற்றியது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த மக்கள் தலையில் விழுந்தது கடைசியில் சுமார் 6,400 கோடி யூரோ. 5 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை 14 சதவீதத்தைத் தொட்டது. பாதியில் நின்ற குடியிருப்புகள் 2,800க்கு மேல் என்று 2010இல் அரசே எடுத்த கணக்கு சொன்னது. தெருவிளக்கில்லாத, கழிவுநீர்க் குழாய் முடியாத அந்தப் பகுதிகளில் நடுநடுவே சில குடும்பங்கள் கடன் கட்டிக்கொண்டு வாழ்ந்தன. 'பேய்க் குடியிருப்பு' என்று ஊர் அவற்றுக்குப் பெயர் வைத்தது.

உத்தரவாதச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த கட்சி தொழிலாளர் கட்சி. ஃபைன் கேல் ஆதரித்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2010 குளிர்காலத்தில் வடமேற்கு மூலையில் மக்கள் கோபத்துக்கு ஒரு சின்னத் திறப்பு கிடைத்தது. டோனிகல் தென்மேற்குத் தொகுதி உறுப்பினர் 2009 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். தோற்றுவிடுவோம் என்று தெரிந்த அரசு இடைத்தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனது. ஷின் ஃபெய்ன் கட்சியின் பியர்ஸ் டோஹர்ட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இவ்வளவு காலதாமதம் நியாயமற்றது என்று 2010 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. வழக்குப் போட்டவரே சுமார் 40 சதவீத முதல் விருப்ப வாக்கோடு வென்றார். வாக்குரிமையை நீதிமன்றத்தில் வாதாடி வாங்க வேண்டியிருந்தது என்பது, அந்த அரசு மக்களைப் பார்க்கவே அஞ்சியது என்பதற்கு நேரடிச் சான்று.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 28 அன்று, கடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மொத்தம் 8,500 கோடி யூரோ. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். முதியோர் ஓய்வூதியத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சேமநிதியிலிருந்தும் எடுத்தார்கள். மீதிக்குச் சராசரி வட்டி 5.8 சதவீதம். நிபந்தனைகள் வரிசையாக வந்தன: செலவு வெட்டு, புது வரி, மணிக்கு 8.65 யூரோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி 7.65ஆகக் குறைப்பு. எந்த ஆண்டு எவ்வளவு வெட்ட வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன. தேர்தல் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் வாக்காளர் எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்? செய்யப்போகும் ஆளையா, செய்ய வேண்டிய காரியத்தையா? ஆளை மட்டுமே. இதை நேர்மையாகச் சொல்லி வாக்குக் கேட்டிருந்தால் பிற்காலக் கசப்பில் பாதி குறைந்திருக்கும். சொல்லவில்லை.

2011 ஜனவரியில் அரசு உள்ளுக்குள்ளேயே உதிர்ந்தது. ஆறு அமைச்சர்கள் விலகினார்கள். கோவன் கட்சித் தலைமையை விட்டார், தேர்தலிலும் நிற்கவில்லை. கூட்டணியிலிருந்த பசுமைக் கட்சி வெளியேறியது. மிஹால் மார்ட்டின் ஃபியன்னா ஃபால் தலைவரானார். பிப்ரவரியின் குளிரில் வேட்பாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அந்த நாட்டில் தேர்தல் வேலை என்றால் அதுதான். மேடையும் ஊர்வலமும் குறைவு.

தொழிலாளர் கட்சிக்கு அப்போது பொற்காலம். 2010இல் சில கருத்துக் கணிப்புகளில் முதலிடத்துக்கே வந்திருந்தது. தலைவர் ஏமன் கில்மோரின் முழக்கம், ஃபிராங்ஃபர்ட் சொல்வதா தொழிலாளர் கட்சி சொல்வதா என்பது. ஃபிராங்ஃபர்ட்டில்தான் ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கிறது. ஃபைன் கேல் தனியாக ஆட்சிக்கு வந்தால் என்னென்ன வரியும் வெட்டும் வரும் என்று பட்டியல் போட்டு தொழிலாளர் கட்சி நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. கட்சியின் மூத்த தலைவர் ருவாரி குவின், கல்விக் கட்டணத்தை ஏற்ற மாட்டோம் என்று மாணவர்கள் நீட்டிய தாளில் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு கையெழுத்திட்டார்.

வாக்குச்சீட்டு எப்படி இயங்கியது என்று பார்த்தால்தான் கோபத்தின் முழு அளவு தெரியும். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைத் தேர்தலில் போடுவது இதே முறை வாக்குதான். ஒருவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டாலோ தேவைக்கு மேல் வாக்கு வாங்கினாலோ அந்தச் சீட்டு அடுத்த எண்ணுக்கு மாறிப்போகும். அதனால் இங்கே வெறுப்புக்கும் அளவுகோல் உண்டு: எத்தனை பேர் முதல் எண் கொடுத்தார்கள் என்பது பாதிக் கதை, எத்தனை பேர் மூன்றாவது நான்காவது எண்கூடத் தர மறுத்தார்கள் என்பது மீதி. 2007இல் ஃபியன்னா ஃபால் 41.6 சதவீத வாக்குக்கு 47 சதவீத இடங்களைப் பெற்றது. 2011இல் கிடைத்த 17.4 சதவீத வாக்குக்கு 12 சதவீத இடம்தான் வந்தது. மற்ற கட்சி வாக்காளர்கள் அதன் பெயரைத் தாண்டிப் போய்விட்டார்கள். 166 இடங்களில் 20. டப்ளினில் மொத்தம் 47 இடம், அதில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் லெனிஹனுடையது. கணையப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே பிரசாரம் செய்தவர் அவர், அதே ஜூனில் இறந்துபோனார். பசுமைக் கட்சியின் ஆறு இடங்களும் பறிபோயின.

அன்று வாக்களிக்க முடியாமல் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை தேடி ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் ஐரிஷ் குடிமக்களுக்கு, தூதரக, ராணுவப் பணியாளர்கள் போன்ற சிலரைத் தவிர, வாக்கு கிடையாது. அதிகம் அடிபட்டவர்களின் கோபம் பெட்டிக்குள் விழவே இல்லை. அவர்களும் இருந்திருந்தால் முடிவு இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஃபைன் கேல் 76, தொழிலாளர் கட்சி 37. இரண்டும் கூட்டணி அமைத்தன, எண்டா கென்னி பிரதமர். குறைத்த குறைந்தபட்சக் கூலியைப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள், கடன் வட்டியும் பின்னர் இறங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடன்பாட்டின் முதுகெலும்பு அப்படியே நின்றது. பிள்ளைகளுக்கான உதவித்தொகை வெட்டப்பட்டது. வீட்டு வரி வந்தது, தண்ணீர்க் கட்டணம் வந்தது. மாணவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே கல்வியமைச்சரானார், கட்டணம் ஏறியது. விளம்பரத்தில் ஃபைன் கேலின் பெயரால் பயமுறுத்தியவற்றில் பலவற்றைத் தொழிலாளர் கட்சியும் சேர்ந்தே செய்தது.

2008இல் தனித்து நின்று எதிர்த்த கட்சி அல்லவா அது? அதனால்தான் அந்தத் துரோகம் ஆழமாகத் தைத்தது. ஃபியன்னா ஃபால் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வாக்களித்தவர்கள் ஏமாந்தார்கள். தொழிலாளர் கட்சியை நம்பியவர்களோ ஒருமுறை சூடுபட்டு, யோசித்து, மாற்றாகத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் இழந்தது ஒரு கட்சியின் மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் இல்லை. மாற்றித் தேர்ந்தெடுத்தால் மாறும் என்ற நம்பிக்கையையே. 2016இல் தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 7.

அதன் பிறகு கதை வேகமாக நகர்ந்தது. சரிவுக்குப் பின் வீடு கட்டுவதே நின்றுபோனதால் சில ஆண்டுகளில் டப்ளினில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதானது. 2020 பிப்ரவரியில் ஷின் ஃபெய்ன் 24.5 சதவீதத்தோடு முதல் விருப்ப வாக்குகளில் முன்னே வந்தது. இவ்வளவு வரும் என்று அக்கட்சியே எதிர்பார்க்காமல் 42 வேட்பாளர்களை மட்டும் நிறுத்தியிருந்தது, வென்றது 37. அதை ஆட்சிக்கு வெளியே வைக்க ஃபியன்னா ஃபாலும் ஃபைன் கேலும் கைகோத்தன. 1922இல் எதிரெதிரே நின்றவர்களின் வாரிசுகள், பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு, ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். முதலில் பிரதமரானவர் மிஹால் மார்ட்டின், 2011இல் 20 இடத்தோடு மூலையில் கிடந்த கட்சியின் அதே தலைவர்.

1982இல் இந்த இரு கட்சிகளும் சேர்ந்து 84 சதவீத வாக்கு வாங்கின. 2024 நவம்பரில் 43 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இருந்தும் சுயேச்சைகள் துணையோடு மறுபடி ஆட்சி அவர்களிடமே வந்தது. கோபம் கொதித்த 2011இல் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 70 சதவீதம். 2024இல் அது 59.7 சதவீதமாகக் குறைந்திருந்தது.

(அடுத்த வாரம்: வங்கிக் கடனைக் கட்டலாமா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திய ஐஸ்லாந்து)