லேபிளில் 28, டேப்பில் 30

இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, 28 என்று லேபிள் போட்ட பெண்கள் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியைச் சுற்றி அளந்து பாருங்கள். 28 வருவது அபூர்வம். 29½ வரும், 30 வரும், சில பிராண்டுகளில் 31-ஐக்கூடத் தொட்டுவிடும். பட்டி தொப்புளுக்குக் கீழே உட்காருவதால் அங்கே சுற்றளவு கூடுதலாகத்தான் இருக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி வியாபாரம். வழக்கமாக 30 எடுக்கிற பெண்ணுக்கு 28 ஏறிவிட்டால் மனசு குளிர்ந்துவிடும். குளிர்ந்த மனசு நேராக பில் கவுன்டருக்குப் போகும். ஆயத்த ஆடைத் தொழிலில் இதற்கு ‘வேனிட்டி சைசிங்’ என்று பேர்.

இது போதாதென்று, கடைக்குக் கடை எண்களின் பாஷையே வேறு. இன்ச்சில் 28 என்று ஒரு பிராண்ட் போடும். ஐரோப்பிய பிராண்ட் 38 என்று போடும். பிரிட்டிஷ் கணக்கில் அதுவே 10. ஒரே ஷாப்பிங் மாலில் முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் ஒரு பெண்ணின் அளவு மூன்று முறை மாறிவிடுகிறது, மதியம் சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெண்களின் அளவை ஒழுங்குபடுத்த யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்க வேளாண் துறை 1939-40-இல் சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். இத்தனை சிரமப்பட்டும் அடிப்படையிலேயே கோணல்: வெள்ளை இனப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். உயரத்தையும் எடையையும் வைத்து சைஸ் பிரிப்பதுதான் சரியாக வரும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. ஆனால் கடையில் நின்று தன் எடையைச் சொல்ல எந்தப் பெண் சம்மதிப்பாள் என்ற கேள்வியில் அந்த யோசனை அடிபட்டுப் போனது. 1958-இல் அரசுத் தரநிலை ஒன்று வந்தது, 1970-இல் திருத்தினார்கள், 1983-இல் அரசே அதைக் கைகழுவிவிட்டது. அதன்பின் அவரவர் வைத்ததுதான் அளவு. 1958-இல் 8-ஆம் எண் ஆடை என்றால் இடுப்பு 23½ அங்குலம். 2008-இல் வெளியான பட்டியலில் அதே 8 ஐந்தாறு அங்குலம் பெருத்திருந்தது.

ஸ்பெயின் அரசு 2007-இல் பெரிய ஆடை நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டு பத்தாயிரத்துச் சொச்சம் பெண்களை அளந்தது. உருளை, உடுக்கை, மணி என்று மூன்று உடல்வாகுகள் கிடைத்தன. இடுப்பு அளவு ஒன்றாகவே இருந்தாலும் மணி உடல்வாகுள்ள பெண்ணுக்கும் உருளை உடல்வாகுள்ள பெண்ணுக்கும் ஒரே ஜீன்ஸ் எப்படிப் பொருந்தும்? லேபிளில் இருக்கும் ஒற்றை எண்ணிடம் இதற்குப் பதில் இல்லை.

இந்தியாவில் ‘இந்தியாசைஸ்’ என்ற பெயரில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ஒரு கணக்கெடுப்பை 2018-இல் அறிவித்தது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை 3டி ஸ்கேனரில் நிற்கவைத்து அளப்பது திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை அதில் இல்லை.

ஆகவே ட்ரையல் ரூமில் நிற்பவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதலில் பார்க்க வேண்டியது இடுப்பையல்ல. தையல்காரர்கள் ‘சீட்’ என்று குறித்துக்கொள்ளும் அளவை. பின்புறத்தின் அகலமான இடத்தைச் சுற்றி எடுப்பது அது. இடுப்புக்கு எடுத்தால் தொடையில் மாட்டிக்கொள்கிறது, தொடைக்கு எடுத்தால் பின்னால் இடுப்பில் கை நுழைகிற அளவு இடைவெளி என்பதுதான் நம் பெண்கள் அதிகம் சொல்கிற புகார். இப்படி இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் சீட்டுக்கும் தொடைக்கும் பொருந்துவதையே எடுக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துவிடலாம், தொடையைத் தளர்த்துவது நடக்காத காரியம். தையலுக்குள் விட்டிருக்கும் துணி சொற்பம், அதையும் மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள்.

இடுப்பைப் பிடிப்பது நல்ல ஆல்டரேஷன் கடைக்காரருக்குப் பழகிய வேலை. பின்பக்க நடு லூப்பைப் பிரித்து, பட்டியை அங்கே கழற்றி, நடுத் தையலைச் சில அங்குலம் கீழே வரை பிரிக்கிறார். உபரித் துணியை ‘வி’ வடிவில் உள்ளே வாங்கித் தைத்து, பட்டியை அந்த அளவுக்கு வெட்டி மறுபடி பொருத்துகிறார். கடைசியில் லூப்பை அதே இடத்தில் வைத்துத் தைத்தால் ஒட்டு அதற்கடியில் மறைந்துவிடும். ஆரஞ்சு நூலின் தடிமனும் நிறமும் ஒத்துப்போனால் வெளியே தெரியவே தெரியாது. ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அங்குலம் வரை இது செல்லும். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். சும்மா கொக்கி வைத்து இறுக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காமலிருப்பது உத்தமம்.

அடுத்தது ‘ரைஸ்’. கால்கள் பிரியும் இடத்துத் தையலிலிருந்து முன்பட்டியின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம் இது. லோ வெய்ஸ்டில் ஏழெட்டு அங்குலம், ஹை வெய்ஸ்டில் பத்துக்கு மேல். நின்றபடி கண்ணாடி பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஸ்கூட்டியில் உட்கார்ந்த மறு நிமிடம் லோ வெய்ஸ்ட் பின்னால் இறங்கி, சிக்னலுக்குச் சிக்னல் குர்தியை இழுத்துவிட வேண்டியிருக்கும். அதனால் ட்ரையல் ரூமில் கூச்சப்படாமல் ஒரு முறை குத்தவைத்து உட்கார்ந்து எழுந்துவிட வேண்டும். பட்டி வயிற்றை அறுத்தால் ரைஸ் போதவில்லை அல்லது சைஸ் போதவில்லை.

விற்பனைப் பெண்கள் இரண்டு வசனம் வைத்திருப்பார்கள். ‘போடப் போட லூஸ் ஆயிடும் மேடம்’ என்பது ஒன்று, ‘துவைச்சா கரெக்டா சுருங்கிடும் மேடம்’ என்பது மற்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே பொய்யில்லை, துணியைப் பொறுத்தது. உள்ளே பக்கத் தையலில் இருக்கும் சின்னத் துணிச்சீட்டில் 98% பருத்தி, 2% எலாஸ்டேன் என்பதுபோல இருந்தால் அது நீளும் துணி, போடப் போடக் கொஞ்சம் தளரும். அதைச் சற்றே பிடிப்பாக எடுப்பது சரி. 100% பருத்தி என்றால் முதல் சில துவைப்பில் நீளம் குறையக்கூடும். எனவே அடியை வெட்டி மடிக்குமுன் ஒரு தரம் துவைத்துக் காயப்போட வேண்டும். வாங்கிய கையோடு கடையிலேயே வெட்டித் தைத்துவிட்டு, பிறகு கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று வருந்துகிறவர்கள் ஏராளம்.

1990-களின் நடுவில் அர்விந்த் மில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸையே விற்றது. துணி, ஜிப், பட்டன், ரிவெட் எல்லாம் ஒரே பாக்கெட்டில், 195 ரூபாய். தெருமுனை டைலர் ஆளை அளந்து தைத்துக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டில் சைஸ் என்ற பிரச்சினைக்கே இடமில்லை. பெண்களை மனதில் வைத்து அதை வளர்த்தெடுக்க யாருக்கும் தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துகிற ஜீன்ஸைக் கட்டிலில் விரித்து, பட்டி, சீட், தொடை, ரைஸ், உள்கால் நீளம் ஐந்தையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பின் அளவைவிட இந்த அளவு நம்பகமானது. ஆனால் இணையப் பட்டியலில் இருப்பது ஆடையின் அளவா, உடம்பின் அளவா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். கடைக்கே போகிறவர்கள் ஒரே சைஸில் இரண்டு பீஸ் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். தைக்கும்போது அரை அங்குலம் முன்னே பின்னே போவதைத் தொழிற்சாலைகள் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. கறுப்பும் நீலமும் வெவ்வேறு வாஷ் ஆனவை. நீலம் பொருந்தியது என்று கறுப்பைப் போட்டுப் பார்க்காமல் பில் போட்டுவிடாதீர்கள்.