மழைக்கும் பனிக்கும் முன்னே: வீட்டுக் கோழிகளுக்காக நம் கடையில் இருக்க வேண்டிய சரக்கு

புரட்டாசி மாதம் பிறந்தால் இறைச்சி, முட்டை விற்பனை குறைந்துவிடும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அந்த ஒரு மாதம் கிராமத்து வீடுகளில் கோழிகள் விற்கப்படாமல் கூட்டிலேயே நிற்கின்றன. அதன் பின் ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் பனி. இவ்விரண்டையும் தாண்டினால்தான் தைப் பொங்கலுக்கு நாட்டுக்கோழி நல்ல விலைக்குப் போகும். ஆகவே புறக்கடையில் பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களே லாப நட்டத்தைத் தீர்மானிக்கும் காலம். அந்தக் குடும்பம் பெரும்பாலும் நம் கடையில் பற்று வைத்திருக்கும் குடும்பம்தான். கோழி செத்தால் நிலுவையும் நிற்கும் என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்க் குளிர்காலம் எது?

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் என்றால் பகல் வெகுவாகச் சுருங்கும்; வெளிச்சம் குறைந்ததும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். நம் மாநிலத்தில் மார்கழியிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. இங்கே குளிரைவிட ஈரமே பெரிய பகை. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கூட்டின் தரை நனைகிறது, தீவனம் பூசணம் பிடிக்கிறது, மேய்ச்சல் குறைகிறது, குடற்புழுக்கள் பெருகுகின்றன. நாம் விற்கும் சரக்கும் சொல்லும் யோசனையும் இதை ஒட்டியே இருக்க வேண்டும்.

தானியமும் கணக்கும்

நல்ல வெயில் நாளில் நாட்டுக்கோழி தன் இரையில் பெரும் பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். மழை நாளில் அது முடியாது. மாலையில் அடையும் முன் கோழி ஒன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை தானியம் கொடுப்பது நல்லது. சராசரியாக 40 கிராம் என்று வைத்தால் பத்துக் கோழிக்கு நாளுக்கு 400 கிராம், மாதத்துக்கு 12 கிலோ. உங்கள் கடைக்கு வரும் வீடுகளில் ஐம்பது வீடுகள் இப்படி வாங்கினால் மாதம் 600 கிலோ சரக்கு நகரும். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், குருணை ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே, காய்ந்த சரக்காகப் பார்த்துக் கொள்முதல் செய்யலாம். இவற்றுடன் தவிடும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தால் புரதக் குறையும் தீரும்.

கருவாட்டுத் தூள் கேட்பவர்களுக்கு உப்பில்லாத தூளையே கொடுக்க வேண்டும். கோழித் தீவனத்தில் உப்பு அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உப்புக் கருவாட்டுக் கழிவை அள்ளிப் போட்டால் கோழி நீர் நீராகக் கழிந்து சாகும். குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் சாகும்.

கிளிஞ்சல் வேறு, சுண்ணாம்பு வேறு

நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்றால் அதில் ஓடு மட்டும் சுமார் 4 கிராம். அந்த ஓடு ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட். தானியத்தில் கால்சியம் மிகச் சொற்பம். எனவேதான் மேய்ச்சல் குறைந்த காலத்தில் தோல் முட்டையும் மெல்லோட்டு முட்டையும் விழுகின்றன. இதற்கு உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழிக்கு வேண்டியது சுடாத கிளிஞ்சல். சூளையில் சுட்ட கிளிஞ்சல் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பாகிவிடும். அது கோழியின் வாயையும் குடலையும் வேக வைத்துவிடும். கடைப் பையன் மாற்றிக் கொடுத்துவிடாதபடி இரண்டையும் வெவ்வேறு இடத்தில், பெயர் எழுதி வைக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்புத் தூளுக்கும் கோழிக் கூட்டில் வேலை உண்டு. ஈரமான தரையில் தூவ மட்டுமே அது பயன்படும்.

பூசணம் பிடித்த சரக்கு

இதுவே இக்கட்டுரையில் முக்கியமானது. மழையில் நனைந்த மக்காச்சோளத்தையும் கட்டி தட்டிய பிண்ணாக்கையும் 'கோழிக்குத்தானே' என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடையே பல காலமாக உண்டு. இது தவறு என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது பிரேசிலில் இருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணமே காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர்.

இந்த நஞ்சு வெயிலில் காய வைத்தாலோ, கழுவினாலோ, வேக வைத்தாலோ போய்விடாது. மேலே தெரியும் பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளே இருக்கும். இது கோழியின் ஈரலைக் கெடுக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். தடுப்பூசி போட்ட கோழியும் நோயில் விழ இது ஒரு காரணம். பத்து ரூபாய் மிச்சம் என்று வாங்கிய அம்மாள் பத்துக் கோழியை இழப்பார். கெட்ட சரக்கை நட்டக் கணக்கில் எழுதி எரித்துவிடுவதே நேர்மையான வழி.

கெடாமல் காக்க எளிய முறைகள் உண்டு. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மிகாத மக்காச்சோளத்தையே வாங்குங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். முந்தி வந்த சரக்கு முந்திப் போகட்டும். மழை மாதங்களில் பிண்ணாக்கைப் பதினைந்து நாள் விற்பனைக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

கூட்டுக்கு வேண்டியவை

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நெல் உமி அல்லது கடலைத் தோல் பரப்ப வேண்டும். தினமும் கிளறிவிட்டு, நனைந்ததை அள்ளிவிட வேண்டும். ஈரத் தரையில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருகிறது. சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டலாம். கூட்டின் மேற்பகுதியில் காற்றுப் போக வழி விட வேண்டும். முற்றிலும் மூடினால் சளி பிடிக்கும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் முப்பது குஞ்சுகளுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு சரியாக இருக்கும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சைக் காக்கும் சூடு தராது. பல்பு கேட்டு வருபவரிடம் 'கோழிக்கா, வீட்டுக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள்.

மருந்தும் நம் எல்லையும்

தாது உப்புக் கலவை, வைட்டமின் திரவம் போன்ற சத்துப் பொருள்களைக் காலாவதித் தேதி பார்த்து வாங்கி விற்கலாம். ஆனால் இவை சத்துக்கள். நோயைத் தீர்க்கும் மருந்துகள் அல்ல. மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைக் கோழிக்கென்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம்; 'இது கொடுத்தால் கழிச்சல் வராது' என்று மட்டும் சொல்லக் கூடாது.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர். 1920-களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் நம் நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டதால் வந்த பெயர் அது. இது வைரஸ் நோய்; வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே காப்பு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வாரத்துக்குப் பின் ஊசியும் போடப்படுகின்றன. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. நாள் முழுதும் திறந்து மூடும் நம் குளிர்பானப் பெட்டி அதற்கு ஏற்றதல்ல. அதைக் கால்நடை மருந்தகத்துக்கு விட்டுவிடுவோம். கால்நடைப் பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாமும் ஆண்டுதோறும் நடத்துகிறது. ஆனால் அது பெரும்பாலும் பிப்ரவரியில் வருவதால், மழைக்கு முன்பே மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. குடற்புழு மருந்தையும் அங்கே அளவு கேட்டே கொடுக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்துகளை உரிமம் இல்லாத கடையில் வைப்பது சட்ட விரோதம். கோழித் தீவனத்தில் பலகாலம் கலக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு விற்கவே கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்துவிட்டது. பெயர் தெரியாத பொட்டலத்தை யாரேனும் கொண்டுவந்து அதிக ஈவு காட்டினால் வாங்க வேண்டாம்.

உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தின் வேலை நேரத்தையும், 1962 என்ற கட்டணமில்லா அழைப்பு எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் தொங்கவிடுங்கள். காசு செலவில்லாத இந்த அட்டை, ஒரு மூட்டை தீவனம் விற்பதைவிட அதிக நம்பிக்கையைச் சம்பாதித்துத் தரும். புரட்டாசி முடிவதற்குள் சரக்கை ஒழுங்கு செய்வோம்; நல்ல சரக்கை நல்ல சொல்லோடு கொடுப்போம். தை மாதத்தில் அவர்கள் கூடும் நிறைந்திருக்கும், நம் பற்றேடும் நேராகும்.