போன் இலக்கத்துக்கு முன்னால் ஏன் இந்த 052?



நம்ம லயத்துச் சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். ஓரத்தில் ஆஸ்பத்திரி, தோட்ட ஆபீஸ், கொழும்பில் வேலை செய்யும் மகன் என்று பல இலக்கங்கள் எழுதியிருக்கும். அவற்றின் முன்னால் 052, 051 என்று நிற்பது என்னத்துக்கு?

அது ஊரின் விலாசம். கடிதத்தை முதலில் ஊர்வாரியாகப் பிரிக்கிறார்கள் அல்லவா? டெலிபோனும் அப்படித்தான். முன்னால் உள்ள 0, "இது வேறு பிரதேசத்து அழைப்பு" என்று சொல்கிறது. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஊரைக் காட்டும். நுவரெலியா 052, ஹட்டன் 051, நாவலப்பிட்டி 054, பதுளை 055, பண்டாரவளை 057, கண்டி 081, இரத்தினபுரி 045.

முன்பு கொழும்புக்கு 01, கண்டிக்கு 08, பிறகு ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தில் 10 இலட்சம் நம்பர்தான் அமையும். 0, 1 இல் தொடங்குபவை வேறு தேவைகளுக்குப் போனால் இன்னும் குறையும். போன் எடுப்போர் கூடினார்கள், புதுக் கம்பெனிகளும் வந்தன. இடம் போதவில்லை.

ஆகவே 2003 இல் நாடு முழுவதும் பத்து இலக்க முறை வந்தது. 01 என்பது 011 ஆனது, 08 என்பது 081 ஆனது. அதன் பின் கம்பெனியைக் காட்ட ஓர் இலக்கம். ஸ்ரீலங்கா டெலிகொம்முக்கு 2. கடைசியில் பழைய ஆறு இலக்கமும் அப்படியே. இப்போது ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் 10 இலட்சம் வரை இடம் உண்டு.

இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. இப்படி மாற்றும்போது எந்த நாட்டிலும் நாளைய தேவைக்குச் சில குறியீடுகளை வெறுமையாக விட்டு வைப்பார்கள். திகதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். பழைய இலக்கத்தை அடிப்பவருக்குக் கொஞ்ச காலம் பதிவு செய்த குரலில் புதியதைச் சொல்வதும் வழக்கம். அந்தக் காலம் முடிந்தால் பழையது வேலை செய்யாது. நடு ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போதா இதைத் தெரிந்துகொள்வது?

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

1. கலண்டரில் உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பத்து இருக்க வேண்டும். குறைந்தால் கேட்டுத் திருத்துங்கள்.

2. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ வீட்டு இலக்கம் கொடுக்கும்போது முதல் 0 ஐ விட்டுவிட்டு, 94 சேர்த்து எழுதுங்கள். 052 என்பது 94 52 ஆகும். 0 ஐயும் சேர்த்தால் அழைப்பு வராமல் போகலாம்.

3. 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். இவற்றுக்கு ஊர்க் குறியீடு வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இன்று கொழுந்து நிறுத்து வீடு வந்ததும் பேனாவும் கையுமாக அந்தக் கலண்டருக்கு முன்னால் நில்லுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.