பால்மரத்து உளி

கடையில் கத்தி வாங்குவோர் பெரும்பாலும் அலகின் பளபளப்பையும் பிடியின் அழகையும் கண்டு மயங்குவர். ரப்பர்த் தோட்டத்தில் கை பழகியவர் அவ்வாறு வாங்குவதில்லை. அவர் உளியின் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்ப்பார். பிடியைப் பற்றிக் கனம் எப்பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். விலை கேட்பது அதற்குப் பின்னரே.

தச்சனும் சிற்பியும் ஆளும் கருவிக்கே தமிழில் உளி என்று பெயர். மலாயாத் தோட்டங்களில் நம்மவர் அப்பெயரைப் பால்வெட்டுங் கத்திக்கும் வழங்கினர். பொருத்தமான பெயர்தான், ஆயினும் தச்சுளியைத் தட்டிச் செலுத்துவர், இதுவோ கையின் இழுப்பினாலேயே செல்வது. இந்நாட்டில் பெருவழக்காயுள்ள ‘ஜெபோங்’ உளியின் வாய் ‘வி’ என்னும் ஆங்கில எழுத்தைப்போல் மடிந்திருக்கும். அம்மடிப்பு பட்டையைச் சீவுவதோடு, பால் வழிந்தோட வாய்க்காலும் அமைத்துவிடும்.

இத்தகைய கருவி தேவைப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். கொத்து உள்மரம்வரை பாய்ந்து புண்ணாக்கும். 1877இல் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, முதலில் இட்ட வெட்டின் விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லிதாகச் சீவும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். கொத்துவது சீவுவதாக மாறவே, கோடரியின் இடத்தைக் கத்தி பிடித்தது.

இனி, மரத்தைப் பார்ப்போம். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்திலேதான் செறிந்துள்ளன. அவற்றை அடுத்து ‘காம்பியம்’ என்னும் வளர்படை இருக்கிறது. மேலாகச் சீவினால் பால் குறையும்; ஆழ்ந்து சீவினால் வளர்படை அறுபடும். இரண்டுக்கும் நடுவே விட்டுவைக்க வேண்டியது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்ப் பட்டை. வளர்படையில் காயம் பட்டால், புதிதாய் வளரும் பட்டை முடிச்சும் மேடுமாகிவிடும். சில ஆண்டுகள் கழித்து அப்பக்கம் மீண்டும் வெட்டுக்கு வரும்போது உளி நேராக ஓடாது. அன்று யாரோ செய்த பிழைக்குப் பின்னால் அந்நிரைக்கு வருபவர் பால் இழப்பார்.

இவ்வேலை நடப்பதோ விடியுமுன், தலைவிளக்கின் ஒளியில். குழாய்களுள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு ஓடும் நேரம் அது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைக் கைதான் அறிய வேண்டும். கூரான உளி பட்டையின் மென்மையையும் கடினத்தையும் கைக்கு உணர்த்தும். மழுங்கிய உளியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அழுத்திய கை வழுக்கினால் உளி உள்ளே பாயும். மழுங்கிய கத்தியால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. மரத்துக்கு அதுவே பெரும்பகை.

ஆறாம் வகுப்பு மாணவர்க்குத் தரத்தக்க கணக்கு ஒன்று. ஒரு முறைக்கு 1.5 மில்லிமீட்டர் வீதம் ஆண்டில் 150 நாள் சீவினால் 22.5 சென்டிமீட்டர்ப் பட்டை செலவாகும். 2 மில்லிமீட்டர் சீவினாலோ 30 சென்டிமீட்டர். வெட்டுக்குரிய பட்டையின் உயரம் 150 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன்னது ஆறரை ஆண்டுக்கு மேல் வரும். பின்னது ஐந்தே ஆண்டில் தீர்ந்துவிடும். ஒரு சீவலில் அரை மில்லிமீட்டர் மிகுவதன் விளைவு இது! கூர் கெட்ட உளியால் மெல்லிய சீவல் எடுப்பது அரிது.

ஆகவே நல்ல உளிக்கு எஃகுதான் முதன்மை. மிகக் கடினமான எஃகின் வாய் உதிரும். மென்மையானது நானூறு மரம் வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். தீட்டுவதற்குச் சிறு கல்லே ஏற்றது. சுழலும் சாணையில் வைத்தால் சூடேறி எஃகின் பதம் போய்விடும். அவசரக்காரர் பலர் புது உளியைக் கெடுப்பது இப்படித்தான். மடிப்பின் உட்புறத்தைத் தீட்ட விளிம்பு மெலிந்த கல் வேண்டும். அதைத் தேடி வைத்துக்கொள்ளாதவர் நல்ல உளி வாங்கியும் பயனில்லை.

பிடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈரக்கைக்கு வழுக்காமல் உள்ளங்கையில் அடங்கினால் போதும். பல ஆண்டு தீட்டித் தீட்டி வாய் தேய்ந்து குறுகிய பழைய உளியைச் சிலர் எளிதில் விடமாட்டார்கள். அதன் வாய், உடையவரின் கைச்சாய்வுக்கு ஏற்பவே தீட்டப்பட்டுப் பழகியிருக்கும். அதை இரவல் வாங்கிச் சென்றவர் நாலு மரம் வெட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.